மழைக்கும் மலைக்கும் இடையே

திருவண்ணாமலையை வலம்வரும் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்திருக்கும் சிற்றூர் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என மரபு கூறும். பௌர்ணமி இரவுகளில் ஆயிரமாயிரம் பேர் இவ்வூரைக் கடந்து செல்கின்றனர். இவ்வூருக்கும், 1932ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் தயாரான 'ரெய்ன்', அதாவது 'மழை' என்னும் திரைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். அப்படத்தின் மூலக்கதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், 1938இல் இம்மலையடிவாரத்துக்கு வந்து சென்றவர் என்பதே அத்தொடர்பு. அண்மையில் அப்படத்தைக் குறுந்தகட்டில், அடி அண்ணாமலையில் இருந்தபடி, மீண்டும் கண்டோம். அப்போது எழுந்த எண்ணங்களை வரலாற்றின் துணையோடு இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1916ஆம் ஆண்டு, மாம் தென்கடல் தீவுகளுக்குப் பயணம் சென்றார். அப்பயணத்தில் கண்ட மனிதர்களே அவருடைய கதைக்கு வித்தாயினர். 'மிஸ் தாம்சன்' என்ற தலைப்பில் 1921இல் அக்கதை அச்சேறியது. அடுத்த ஆண்டே 'ரெய்ன்' என்ற பெயரில் நாடகமாகி நியூயார்க் மேடையில் நூற்றுக்கணக்கான முறை நடந்தது. 1928இல் குளோரியா ஸ்வான்சன் நடிக்க ஊமைப்படமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்தால் புகழ்பெற்ற லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கத்தில், ஜோன் கிராஃபோர்டும் வால்டர் ஹூஸ்டனும் நடிக்கப் பேசும்படமாக வந்தது.

கதை எளியது. பாகோ பாகோவில் ஒரு கப்பல் தங்க நேர்கிறது. பயணிகள் ஒரே விடுதியில் அடைபட்டிருக்க, மழை ஓயாது பெய்கிறது. அவர்களுள் ஒருத்தி சேடி தாம்சன் என்னும் விலைமகள். இன்னொருவர் டேவிட்சன் என்னும் சமயத் தொண்டர். ஓஹாரா என்ற படைவீரன் அவளை நேசிக்கிறான். சிட்னியில் புதுவாழ்வு தொடங்கலாம் என்று அழைக்கிறான். டேவிட்சனோ ஆளுநரை வற்புறுத்தி, சிறைத்தண்டனை காத்திருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கே அவளைத் திருப்பியனுப்ப ஆணை பெறுகிறார். அவளது எதிர்ப்பு மெல்லமெல்ல முறிகிறது. அவள் மனம் மாறுகிறாள். தண்டனையை ஏற்கவும், காதலனைக் கைவிடவும் இசைகிறாள். ஆனால் இறுதி இரவில் டேவிட்சனே இச்சைக்கு இரையாகிறார். மறுநாள் கடற்கரையில் அவரது உடல் கிடக்கிறது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்கிறார்.

சேடி முதன்முதலில் திரையில் தோன்றும் விதம் கவனிக்கத்தக்கது. வளையல்கள் நிறைந்த ஒரு கை, மற்றொரு கை, ஒரு கால், மற்றொரு கால், அதன்பின்னரே முகம். இறுதிக் காலையிலும் அதே வரிசையில் அவள் மீண்டும் தோன்றுகிறாள். அவளை முழுமனுஷியாகக் காணாமல் உறுப்பு உறுப்பாகக் காணும் உலகத்தை, இயக்குநர் ஒரு சொல்லும் இன்றிக் காட்டிவிடுகிறார். டேவிட்சனின் மரணச் செய்தி கேட்டதும் அவள் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. எல்லோருக்காகவும் வருந்துகிறாள், அந்த எல்லோருள் அவரும் அடக்கம்.

இப்படம் வெளிவந்தது விந்தையானதோர் இடைக்காலத்தில். ஹாலிவுட்டின் ஒழுக்கவிதித் தொகுப்பு 1930 மார்ச்சில் ஏற்கப்பட்டிருந்தது. அதை வகுத்தவர்களுள் முதன்மையானோர் இருவர்: மார்ட்டின் குயிக்லி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளர், டேனியல் லார்ட் என்ற இயேசு சபை அருள்தந்தை. சமயப் பணியாளரை நகைப்புக்குரியவராகவோ தீயவராகவோ காட்டலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆயினும் நான்காண்டுகள் விதிகள் ஏட்டளவில் நின்றன. 1934 ஜூலையில்தான், ஜோசஃப் பிரீன் என்ற மற்றொரு கத்தோலிக்கரின் பொறுப்பில் அவை கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தன. கத்தோலிக்க ஆயர்களின் ஆதரவுடன் எழுந்த 'கண்ணியப் படை' இயக்கம் அதற்குப் பின்பலமாயிற்று. 1936 ஜூன் 29 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல் அவ்வியக்கத்தைப் பாராட்டியது.

இம்முயற்சியை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. திரைப்படம் இளம் உள்ளங்களை எவ்வளவு ஆழமாகப் பற்றும் என்பதை அன்றே உணர்ந்தவர்கள் அவர்கள். நம் நாட்டிலும் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி சென்னை உள்ளிட்ட நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் தோன்றின. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28இல் ஒரு விசாரணைக் குழுவே நாடெங்கும் சாட்சியம் கேட்டது. கவலை பொதுவானது, நியாயமானதுங்கூட.

எனினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. 1934க்குப் பின் 'மழை' போன்ற படத்தை அவ்வடிவில் எடுத்திருக்க முடியாது. மறுவெளியீட்டின்போது அதிலிருந்து பல நிமிடங்கள் வெட்டப்பட்டன. அக்குறுகிய படிகளே நெடுங்காலம் உலவின. உரிமம் புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமையானதால், மங்கிய ஒலிநாடாக்களும் தேய்ந்த பிம்பங்களுமாக மலிவுப் பதிப்புகள் பெருகின. முழுப்படத்தையும் தெளிவாகக் காணும் வாய்ப்பு, வீட்டுத்திரைக்கெனச் சீரமைக்கப்பட்ட பதிப்புகளாலேயே கிட்டியது. 1928ஆம் ஆண்டு ஊமைப்படத்தின் கதி இன்னும் இரங்கத்தக்கது. அதன் இறுதிப் பகுதி அழிந்தே போயிற்று. பின்னாளில் அதனைச் சீரமைத்தோர், நிழற்படங்களையும் 1932ஆம் ஆண்டுப் படத்தின் காட்சிகளையும் கொண்டு அவ்விடத்தை இட்டு நிரப்பினர்.

யாரைக் காப்பதற்காக இக்கதைக்குத் தடை வந்தது? சமயப் பணியாளரின் மதிப்பைக் காப்பதற்காக. ஆனால் இக்கதையின் எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவை? சமயத்தின் பெயரால் பிறருடைய ஆன்மாவைக் கையில் எடுப்போருக்கு. டேவிட்சன் வேடதாரியல்லர், தம் நோக்கத்தில் உறுதியாக நம்பிக்கை கொண்டவர். அவருடைய குறை, பாவத்தை வெறுத்ததில் இல்லை. ஆளுநரின் அதிகாரத்தையும் சிறைவாசலையும் மனமாற்றத்தின் கருவிகளாக்கியதில் இருக்கிறது. யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெண்ணொருத்தியை இழுத்துவந்து நடுவில் நிறுத்தியோரும் சட்டத்தின் பக்கமே நின்றனர். ஆண்டவர் குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்தார். இனிப் பாவம் செய்யாதே என்ற சொல் அவரிடமிருந்து பிறந்தது. ஆனால் கற்கள் கீழே விழுந்த பின்னரே பிறந்தது.

இவ்விடத்தில்தான் மலை நினைவுக்கு வருகிறது. டேவிட்சனைப் படைத்துப் பதினேழு ஆண்டுகள் கழித்து, மாம் ரமணரைக் காண இங்கு வந்தார். காண்பதற்கு முன்னரே மயங்கி விழுந்தார். அவரை ஒரு குடிலில் படுக்க வைத்தனர். எழுந்து செல்ல இயலாத அவரைத் தேடி ரமணரே வந்தார். நெடுநேரம் பேசாமல் உடனமர்ந்திருந்தார். அறிவுரை இல்லை, கேள்வியும் இல்லை. அச்சந்திப்பின் சுவடு 1944இல் வெளிவந்த 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் ஒரு ஞானியின் உருவமாகப் பதிந்தது. 1946இல் அந்நாவலும் திரைப்படமாயிற்று. பின்னர் 'தி செயின்ட்' என்ற கட்டுரையிலும் மாம் இந்நிகழ்ச்சியை விவரித்தார். அந்த மயக்கத்துக்குச் சிலர் ஆன்மிக விளக்கம் தந்ததை அவர் நம்பவில்லை. ஐயம் நீங்காத மனிதராகவே திரும்பினார். அவரை மாற்றியே தீரவேண்டும் என்று இங்கு எவரும் முனையவுமில்லை.

இதே ஊரின் மற்றொரு மரபையும் எண்ணிப் பார்க்கலாம். காமத்தில் உழன்று, வெறுப்புற்று, வல்லாள கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்தாராம் அருணகிரிநாதர். முருகன் அவரைத் தாங்கிக்கொண்டு, பேச்சற்று இருக்கும்படி பணித்தான் என்பர். விழுபவரைத் தாங்குவதற்கு முன் விசாரணை எதுவும் நடந்ததாக அக்கதை சொல்லவில்லை.

தணிக்கை வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கைத் தீர்க்க நாம் இதை எழுதவில்லை. ஹாலிவுட்டின் அந்த விதித்தொகுப்பு 1968இல் கைவிடப்பட்டு, வயதுவாரித் தரப்பகுப்புக்கு இடம் கொடுத்தது. விதிகள் வரும், போகும். ஆனால் பங்கில், பள்ளியில், இல்லத்தில், நம் பொறுப்பில் விடப்பட்ட ஒருவர் தவறும்போது அவர் அருகே எப்படிச் சென்று அமர்வது என்ற கேள்வி அகல்வதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் மறைப்பணியாளரும், வளர்ந்த பிள்ளைகளுடன் கூடியிருந்து இப்படத்தைக் காணலாம். கண்டபின், டேவிட்சன் எந்த நொடியில் தவறினார் என்று தமக்குள் விவாதிக்கலாம். இறுதி இரவில் என்று பலர் உடனே விடையளிப்பர். அதற்கு வெகுமுன்னரே, அவர் ஆளுநரைக் காணப் புறப்பட்ட அந்தப் பகலில் என்பது நம் கருத்து.