மாவட்டம் என்ற கட்டம்: வன்னிப் பெண்பிள்ளைகளும் பல்கலைக்கழக வாசலும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு வயதை எட்டும் இவ்வேளையில் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி எழுத எம்மிலும் தகுதியுள்ள அக்காமார் இருக்கிறார்கள். ஆகவே நாம் ஒரு காகிதத்தைப் பற்றி எழுதுகிறோம். உயர்தரம் சித்தியடைந்த எல்லோரும் நிரப்பிய பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பப் படிவம் அது. அதில் 'மாவட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெயரை எழுதுவதைப்போல அதையும் ஒரு நொடியில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். அந்தக் கட்டத்துக்குள் எவ்வளவு கிடந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

'நாம்' என்று இங்கே சொல்வது இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு உயர்தரம் எழுதிய எமது வகுப்பை. நெளுக்குளத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்களும், இடம்பெயர்ந்து வந்து எம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்களும் அதில் அடக்கம்.

வாசல் தொலைவில் இருந்த காலம்

சங்கம் தொடங்கிய நாட்களில் இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களை லண்டன் பரீட்சைகளுக்கே தயார்செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1942இல். வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கு 1905 முதல் ரயில் ஓடியது உண்மைதான். ஆனால் காடும் குளமும் மலேரியாக் காய்ச்சலுமாக இருந்த வன்னியில் உயர்வகுப்பு வரை படிப்பித்த பாடசாலைகள் மிக அரிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்து விடுதிப் பாடசாலைகளுக்குப் போனார்கள். அதிலும் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம். பெண்பிள்ளை எழுத வாசிக்கப் பழகி, வயதுக்கு வந்ததும் வீட்டோடு நின்றாள்.

1945இல் இலவசக் கல்வி வந்தபிறகுதான் எமது பாட்டிமாரின் கதை மாறத் தொடங்கியது. கட்டணம் இல்லை என்றதும் நெல்லு விற்ற காசை மகளின் படிப்புக்கென்று தனியே எடுத்துவைக்கவேண்டிய தேவை குறைந்தது. அறுபதுகளில் க.பொ.த. உயர்தரம் வந்தது, தாய்மொழியில் படித்தே பல்கலைக்கழகம் போகலாம் என்ற நிலையும் வந்தது. போட்டியும் அப்போதுதான் கடுமையானது. இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல.

எழுபதுகளின் கணக்கு

1970ஆம் ஆண்டின் அனுமதியில் மொழிவாரியாக வேறு வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகள். மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 229. பேராதனைப் பொறியியலுக்கு 250, 227. 1973இல் இதுவே 'தரப்படுத்தல்' என்ற முறையானது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்தக் கோபம் பின்னாளில் எங்கு போய் முடிந்தது என்பதை இம்மலரை வாசிக்கும் யாருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வன்னியில் நின்று பார்த்தால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் உண்டு. வீட்டில் அதை யாரும் உரத்துப் பேசியதில்லை. மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ்ப்பிள்ளை எல்லோரையும் தாக்கியது. மாவட்ட ஒதுக்கீடோ யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வாசலை ஒடுக்கிய அதே நேரத்தில் வவுனியா, மன்னார்ப் பிள்ளைக்கு அதைச் சற்றுத் திறந்துவிட்டது. ஆய்வுகூடம் இல்லாத, இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு முதன்முறையாக ஓர் இடம் கிடைத்தது. தமிழராய் எமக்கு நேர்ந்த அநீதியும் வன்னியாராய் எமக்குக் கிடைத்த நன்மையும் ஒரே சுற்றறிக்கைகளில் பின்னிப்பிணைந்து வந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது.

மாவட்டம் என்பதும் அப்போது இன்று இருப்பதுபோல் இருக்கவில்லை. முல்லைத்தீவு 1978இல்தான் தனி மாவட்டமானது. அதன் பெரும்பகுதி அதுவரை வவுனியாவோடு இருந்தது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி. பரந்தனில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளை, யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரே பட்டியலில் நின்று போட்டியிட்டாள். வரைபடத்தில் ஒரு கோடு போட்டதும் அவளுடைய தங்கச்சியின் வெட்டுப்புள்ளி வேறாகிவிட்டது.

எமது வகுப்பு

1999 நவம்பரில் வன்னிப் போர் வவுனியாவை நெருங்கியபோது பட்டணமே வெறிச்சோடியது. சனம் செட்டிகுளம், மன்னார், தெற்கு என்று கிடைத்த பக்கம் ஓடியது. நாம் சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்குள் கால்வைத்த காலம் அது. ஓடும்போது கொண்டுபோன பையில் அடையாள அட்டையும் சான்றிதழ்களும் மேலே, உடுப்பு கீழே. வவுனியாவில் 'பாஸ்' நடைமுறை இருந்த காலமும் அதுவே. வன்னியிலிருந்து வந்து எம்மோடு படித்த தோழிகள் அந்தத் துண்டைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருப்பார்கள். திகதி முடிந்தால் வகுப்பை விட்டுவிட்டு வரிசையில் நிற்கவேண்டும். உயிரியல் செய்முறை வகுப்புகள் பல அவர்களுக்கு இப்படியே போயின.

2001இல் இசட் புள்ளி முறை வந்தது. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து நாட்டின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். சராசரி 45, விலகல் 20 உள்ள பாடத்தில் 65 எடுத்தால் இசட் 1.0, சராசரி 50, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 65க்கு 1.5. மூன்று பாடங்களின் சராசரியே முடிவு. நான்கு தசமதானம் வரை எழுதுவார்கள். கடைசித் தசமத்தில் வாழ்க்கை திரும்பியவர்கள் எமது வகுப்பிலும் உண்டு.

பெறுபேறு வந்தபின் கைநூலை வாங்கிவந்து எல்லோரும் சேர்ந்திருந்து படிவத்தை நிரப்பினோம். எமக்குப் பத்தொன்பது வயது. அதுவரை எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதைக்கூட அப்பாவோ அண்ணாவோ தீர்மானித்த வீடுகள். இப்போது விருப்ப ஒழுங்கை நாமே எழுதவேண்டும். கொழும்பு முதலா, யாழ்ப்பாணம் முதலா? யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர்தான். ஆனால் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கும்வரை, அங்கே போகத் திருகோணமலைக்குப் போய்க் கப்பல் ஏறவேண்டும், அல்லது கொழும்புக்குப் போய் விமானம் ஏறவேண்டும். கொழும்பென்றால் தங்குமிடம், பொலிஸ் பதிவு, சிங்களம் தெரியாத பயம். "எங்கையெண்டாலும் போ பிள்ளை, கடிதம் மட்டும் போடு" என்று சொன்ன அம்மாமாரை இன்று நினைக்கிறோம். அவர்களில் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. எம்மில் பலர் 'வவுனியா' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி மட்டும் பேனையை வைத்துவிட்டாள். ஆறு ஆண்டுகளில் நான்கு பாடசாலைகள். அதில் ஒன்று மரத்தடியில் நடந்தது. பதிவேடும் பிறகு அழிந்துபோனது. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாள் என்பதற்கு விடுகைப் பத்திரங்கள் வேண்டும். பிறந்தது ஓர் இடம், படித்தது வேறிடங்கள், இருப்பது முகாமில். "ரீச்சர், நான் எந்த மாவட்டம்?" என்று அவள் கேட்டாள். ரீச்சர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனார். அதிபரும் விதானையாரும் கடிதங்கள் எழுதினார்கள். பதிவுத் தபால் முடிவுத் திகதிக்கு முதல்நாள் போனது. அவளுக்கு அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் வந்து நின்றாள்.

பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் திறப்பதற்கும் இடையில் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தோம். சிறுபிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தோம். சிலர் தொண்டர் ஆசிரியராய்ப் போனார்கள். சிலர் தொழில்நுட்பக் கல்லூரிக்கும், சிலர் பூந்தோட்டத்துக் கல்வியியற் கல்லூரிக்கும், சிலர் தாதியர் பயிற்சிக்கும் போனார்கள். கலியாணப் பேச்சுக்கு "கடிதம் வரட்டும்" என்று மறுமொழி சொல்லப் பழகியதும் அந்த ஆண்டில்தான். நாம் பெரியவர்களானது வளாக வாசலில் அல்ல, இந்தக் காத்திருப்பில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

'கோட்டாவில் வந்தவர்கள்'

மருத்துவ பீடம் போன எமக்கு முதல் ஆண்டில் கிடைத்த பெயர் இது. பகிடியாகச் சொன்னவர்களும் உண்டு, பகிடி இல்லாமல் சொன்னவர்களும் உண்டு. தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் பாதி விளங்காமல் இருந்த நாட்களில் அந்தச் சொல் உள்ளே போய்த் தங்கிவிட்டது. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தைத் தேடி வெளியிலிருந்து வந்து பெயர் பதிந்தவர்களைப் பற்றி ஊரில் இருந்த மனக்கசப்பும் எமக்குத் தெரியும். ஆகவே ஒதுக்கீட்டில் குறையே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்று இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. 2012 குடிசன மதிப்பீட்டில் வவுனியாவின் சனத்தொகை 172,115; நாட்டில் நூற்றுக்கு ஒன்றும் இல்லை. நூறு மருத்துவ இடங்களில் மாவட்டங்களுக்குரிய 55இலிருந்து எமக்கு அரை இடம்கூட முழுதாய் வராது. ஆயிரம் இடங்கள் இருந்தால் நான்கைந்து. அந்த நான்கைந்துக்காக மாவட்டத்தின் எல்லாப் பாடசாலைகளும் போட்டியிடுகின்றன. இதைச் சலுகை என்று சொல்பவர்கள் ஒருமுறை பிரித்துப் பார்க்கட்டும்.

இன்னொரு விடை 2009இல் கிடைத்தது. அந்த ஆண்டில் வவுனியாவின் பாடசாலைகள் பல முகாம்களாயின. வைத்தியசாலையில் கட்டிலும் தரையும் நிறைந்தன. எமது வகுப்பில் வைத்தியரானவர்களுக்கு அது தொழிலின் முதல் ஆண்டு. காயத்தோடு வந்த ஆச்சியிடம் "எங்கை நோகுது, அம்மா?" என்று கேட்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத வைத்தியரும் தாதியரும் அன்று எவ்வளவு வேண்டியிருந்தார்கள் என்பதை நாம் கண்டோம். அந்த ஓகஸ்டில் மெனிக் பாம் முகாமுக்குள்ளேயே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களின் படிவத்திலும் 'மாவட்டம்' என்ற கட்டம் இருந்தது. அதன்பிறகு எம்மை யாரும் கோட்டா என்று அழைத்தாலும் அது உள்ளே போய்த் தங்கவில்லை.

இனி

1991இல் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது, 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் அது நிற்கிறது. கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. கப்பல் ஏறிப் படிக்கப்போன தலைமுறைக்கு இது சிறிய விடயமல்ல. விண்ணப்பமும் இப்போது இணையவழி. ஆனால் எந்தக் கற்கைநெறி எதற்கு, ஒழுங்கை எப்படி எழுதுவது, எந்தக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் தடுமாறும் பிள்ளைகள் இன்றும் எம்மிடம் வருகிறார்கள். தவறான ஒழுங்கில் எழுதி, கிடைக்கவேண்டிய பாடநெறியை இழந்தவர்களும் உண்டு.

ஆகவே வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் இருக்கும் சகோதரிகளிடம் இரண்டு வேண்டுகோள்கள். பெறுபேறு வரும் ஒவ்வோர் ஆண்டும், அந்தந்தத் துறையில் படித்த பழைய மாணவிகள் தொலைபேசியிலாவது பிள்ளைகளோடு இருந்து படிவம் நிரப்ப உதவுவோம். மகாபொலப் பணம் கைக்கு வரும்வரையான முதல் மாதங்களுக்கு, வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு விடுதிச் செலவுக்குச் சங்கம் ஒரு சிறு நிதி வைக்கட்டும்.

பேனையை வைத்துவிட்டுக் கேள்வி கேட்ட எமது தோழி தொண்டர் ஆசிரியராய்த் தொடங்கி, நியமனம் பெற்று, வெளிவாரியாகப் பட்டமும் முடித்தாள். இன்று முல்லைத்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சென்ற ஆண்டு அவளுடைய மாணவி ஒருத்திக்கு மருத்துவ பீட அனுமதி கிடைத்தது. செய்தி சொல்ல அழைத்தபோது அவள் எம்மிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்தக் கட்டத்தை அவள் ஒருதரம்கூட யோசிக்காமல் நிரப்பினாள் அடி. அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலை இருந்தன்."