ஆய்வு நல்கைகள், வெளிநாட்டு: ஆற்காட்டு வட்டாரம்

ஃபெல்லோஷிப் எனப்படும் ஆய்வு நல்கை, பட்டமேற்படிப்பு முடித்த இளம் ஆய்வாளர் வெளிநாட்டு ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ பணியாற்றிப் பயிலப் பொருளுதவி தரும் ஏற்பாடு. பழைய வட ஆற்காடு மாவட்டமான வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதன் பயன் மருத்துவத்திலும் தோல் அறிவியலிலும் தெளிவாகத் தெரிகிறது. வெளிநாட்டில் கற்றது உள்ளூர்த் தேவையோடு பொருந்திய இடங்களிலெல்லாம் புதிய துறைகள் பிறந்தன.

மருத்துவம்

ஐடா ஸ்கட்டர் 1918இல் வேலூரில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி, 1942இல் பட்டப் படிப்பு தரும் கல்லூரியாக உயர்ந்தது. உயர்தகுதி பெற்ற ஆசிரியர்கள் உடனே தேவைப்பட்டனர். மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டின் நரம்பியல் கழகத்தில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை இங்கே தொடங்கினார்.

1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த தலைமுறையில் ககன்தீப் காங், வேலூரில் முனைவர் பட்டம் பெற்று, ஹூஸ்டன் பேலர் கல்லூரியில் ஆய்வு செய்து திரும்பினார். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸ் பற்றிய அவரது ஆய்வு, உள்நாட்டுத் தடுப்பூசி உருவாகத் துணைநின்றது. 2019இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார்.

தோல் அறிவியல்

இவ்வட்டாரப் பதனிடுமிடங்கள் நெடுங்காலம் ஆவாரம்பட்டையில் ஊறிய, பாதி பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்தன. முழுமைப்படுத்தும் நுட்பமும் அதன் இலாபமும் வெளிநாட்டில் தங்கின. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற எலவர்த்தி நாயுடம்மா, 1958 முதல் 1971 வரை சென்னை அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்து, ஆய்வகத்தைத் தொழிலோடு நேரடியாக இணைத்தார்.

‘1851 கண்காட்சி’ எனும் பிரிட்டிஷ் நல்கையில் கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய ஜி. என். ராமச்சந்திரன், 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலின் முதன்மைப் புரதமான கொலாஜன் மூன்று இழை முறுக்கு அமைப்புடையது என்று விளக்கினார்.

திட்டங்களும் இன்றைய தேவையும்

இந்திய–அமெரிக்க ஃபுல்பிரைட் ஒப்பந்தம் 1950இல் கையெழுத்தானது. காமன்வெல்த் நல்கைத் திட்டம் 1959இல் வகுக்கப்பட்டது. 1954–55இல் இந்திய அரசு தொடங்கிய தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, பட்டியல் சாதி மாணவருக்கு முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவுகிறது. தோல் தொழிலாளர் பலர் தலித்துகளாக உள்ள இவ்வட்டாரத்துக்கு இது முதன்மையான வாய்ப்பு. வெல்கம் அறக்கட்டளையும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2008இல் தொடங்கிய இந்தியக் கூட்டணி, இந்தியாவில் இருந்தபடியே ஆய்வு செய்ய நல்கை தருகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தோல் கழிவால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேட்டைக் கண்டித்து, மாசுபடுத்துவோரே இழப்பீடு தர வேண்டும் என்றது. குரோமியமும் உப்பும் கலந்த அப்படுகையின் நிலத்தடி நீரை மீட்கும் அறிவைக் கற்றுவரும் இளம் ஆய்வாளரே இன்று இம்மண்ணுக்கு மிகவும் தேவை. பதனிடுமிடங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருப்பது நீதியாகும்.