ராமானுஜன் போட்ட அப்ளிகேஷன்

அரியர் வெச்சவங்க, படிப்பைப் பாதியில விட்டவங்க ரெஸ்யூமே எழுத உக்காந்தா முதல்ல முட்டுற இடம் 'கல்வித் தகுதி'தான். மறைக்கறதா, மழுப்பறதா, சோகக்கதை சொல்றதா? இதே சிக்கல் கணித மேதை ராமானுஜனுக்கும் இருந்துச்சு மக்களே.

பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின பையன். கும்பகோணம் அரசு கல்லூரியில கணக்கைத் தவிர வேற எதையும் கண்டுக்காம ஸ்காலர்ஷிப்பைத் தொலைச்சார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கயும் எஃப்.ஏ. (இன்னிக்கு ப்ளஸ் டூ மாதிரி) தேறலை. 1909-ல கல்யாணம் வேற ஆயிடுச்சு. டிகிரியும் இல்லை, வேலையும் இல்லை.

1912 பிப்ரவரி 9-ம் தேதி, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் முகவரியிலேர்ந்து மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கு குமாஸ்தா வேலை கேட்டு எழுதறார். மொத்தமே சில வரிதான். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படிச்சேன், சில சங்கடங்களால மேல படிக்க முடியலை. அவ்வளவுதான் விளக்கம்! அடுத்த வரியிலேயே, நேரம் முழுக்க கணிதத்துலதான் செலவழிக்கிறேன், வேலை குடுத்தா ஒழுங்கா செய்வேன்னு முடிச்சுட்டார். ஒரு சூத்திரம்கூட எழுதலை. குமாஸ்தா வேலைக்கு அது எதுக்கு?

கூட வெச்ச சிபாரிசுக் கடிதம் இன்னும் சூப்பர். எழுதினவர் பிரசிடென்சி கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். பையன் அபாரத் திறமைசாலின்னு சொன்னதோட நிறுத்தாம, கணக்குப் போடறதுல படுவேகம்னும் சேர்த்தார். அக்கவுண்ட்ஸ் ஆபீசுக்கு வேண்டியது அதுதானே! மார்ச் 1-ல வேலை. சம்பளம் மாசம் 30 ரூபாய்.

"அதெல்லாம் சிபாரிசுய்யா"ன்னு நீங்க சொல்லலாம். நிஜம்தான். போர்ட் டிரஸ்டுல இருந்த நாராயண ஐயர் இந்திய கணிதக் கழகத்துக்காரர். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் ஏற்கெனவே மாசாமாசம் பணம் குடுத்துட்டு இருந்தவர். ஆனா அந்த ஆதரவும் சும்மா கிடைக்கலை. ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தர் வாசலா ஏறி இறங்கினார். 1911-ல கணிதக் கழக இதழ்லயும் கட்டுரை வந்திருந்துச்சு. நிஜமான ரெஸ்யூமே அந்த நோட்டுதான்.

1913 ஜனவரி 16. இப்போ கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு கடிதம். அதே ஆள், அதே குறை. கடிதம் மட்டும் வேற. போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லைன்னு எடுத்த எடுப்புல சொல்லிட்டு, கூடவே சுமார் 120 தேற்றங்களை அனுப்பிட்டார். (25 வயசை சுமார் 23-ன்னு போட்டது தனி மேட்டர் :-) ) அதே வருஷம் மே மாசம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை குடுத்துச்சு. 1914-ல கப்பல் ஏறினார்.

குறையை ஒரு வரியில சொல்லு, கையில இருக்கறதை முழுசா காட்டு, படிக்கிறவர் யாருன்னு பாத்து எழுது. ரெண்டு கடிதத்துலயும் இதுதான் இருக்கு.

ஒரே ஒரு உறுத்தல். இன்னிக்கு தரமணியில அவர் பேர்ல ஐ.டி. பார்க்கே இருக்கு. ஆனா டிகிரி பர்சன்டேஜ் போடாம அடுத்த பக்கத்துக்கே போக விடாத ஆன்லைன் ஃபாரம் எத்தனை பாத்திருக்கோம்? எஃப்.ஏ. தேறாதவர் அதுல என்னன்னு நிரப்புவார்? ஆளெடுக்கிற வேலையில இருக்கிற நண்பர்கள் யாராவது பதில் சொல்லுங்களேன்.