குப்பியும் குமிழிக்கூடும்: ‘ஃபைட்டர்’ மீன் வளர்ப்பின் இரு வரலாறுகள்

வண்ணமீன் கடைகளில் பிற மீன்கள் தொட்டியில் கூட்டமாக நீந்த, ‘ஃபைட்டர்’ எனப்படும் பெட்டா மீன் மட்டும் கையளவுக் குப்பியில் தனித்து நிற்கும். சென்னைக் கொளத்தூரானாலும் திருவனந்தபுரமானாலும் காட்சி மாறுவதில்லை. காரணம் கேட்டால் கிடைக்கும் விடையும் ஒன்றே: இது காற்றைச் சுவாசிக்கும் மீன், ஆகவே சிறிது நீர் போதும். இவ்விடையின் முற்பாதி உயிரியலைச் சேர்ந்தது. பிற்பாதி சூதாட்டத்தைச் சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு கரைகளில் தோன்றியவை.

முற்பாதியின் வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்குப் பெரும் பங்குண்டு. 1791 நவம்பரில், டேனிஷ் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்னும் படை அலுவலர் குளக்கரைப் பனைமரம் ஒன்றில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாகக் குறித்தார். அச்செய்தி 1797-இல் லண்டன் லின்னேயக் கழகத்தை எட்டியது. மீன் மரமேறுமா என்பது பற்றி அறிஞர் பலர் பின்னர் ஐயுற்றனர்; பறவை கவ்விச்சென்று மரத்தில் விட்ட மீனாக அது இருக்கலாம் என்பாரும் உளர். எனினும் தமிழில் அம்மீனுக்குப் ‘பனையேறிக் கெண்டை’ என்றே பெயர். நீரை விட்டு வெளியேறியும் அது நெடுநேரம் உயிரோடிருப்பது எவ்வாறு என்னும் வினாவே இங்கு முதன்மையானது.

பாரிஸில் குவியேயும் வலான்சியெனும் எழுதிய மீன்களின் இயற்கை வரலாற்றின் 7-ஆம் தொகுதி (1831) இவ்வகை மீன்களை ஒரே குடும்பமாகத் தொகுத்தது. செவுளுக்கு மேலுள்ள அறையில், மெல்லிய எலும்புத் தகடுகள் மடிந்து மடிந்து புதிர்வழிபோல் அமைந்திருக்கும். அவற்றைப் போர்த்திய குருதிநாளங்கள் நிறைந்த தோல் வாய்வழி விழுங்கிய காற்றிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். ‘லாபிரிந்த்’ உறுப்பு என்ற பெயர் இம்மடிப்புகளால் வந்தது. அதே தொகுதியில், புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து பெறப்பட்ட சிறுமீன் ஒன்றும் விவரிக்கப்பட்டது. ‘குபானஸ்’ என்னும் அதன் அறிவியற்பெயர் ‘குப்பம்’ என்ற தமிழ்ச் சொல்லின் பிரெஞ்சுத் திரிபிலிருந்து வந்தது. உலக மீன்வளர்ப்பு நூல்களிலெல்லாம் இடம்பெறும் இப்பெயருக்குள் ஒரு தமிழ் ஊர் ஒளிந்திருப்பதை அறிந்தோர் குறைவு. பெட்டாவுக்கு இம்மீன் நெருங்கிய உறவு.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் ஃபிரான்சிஸ் டே. சென்னை மாகாண மருத்துவப் பணியைச் சேர்ந்த இவர் கொச்சியில் பணியாற்றி, 1865-இல் மலபார் மீன்கள் பற்றிய நூலை வெளியிட்டார். விரால், பனையேறி போன்ற மீன்களை நீர்மட்டத்துக்கு வரவிடாமல் தடுத்தால் அவை நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி மாளும் என்பதைச் சோதனைகளால் காட்டினார். காற்று அவற்றுக்குக் கூடுதல் வசதி அன்று, இன்றியமையாத தேவை என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் நீர் குறைவாக இருந்தால் போதும் என்று இவ்வாய்வுகளில் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பிற்பாதி சயாமிலிருந்து வந்தது. பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்த டேனிஷ் மருத்துவர் தியடோர் கேண்டர், மலாயா மீன்களின் பட்டியலை 1849-இல் எழுதினார். அதில் சயாமிய மீன்சண்டை பற்றிய குறிப்பு உண்டு: சண்டை நடத்தும் உரிமம் குத்தகைக்கு விடப்பட்டு மன்னருக்குக் கணிசமான வருவாய் ஈட்டித்தந்தது, பொருளை மட்டுமன்றித் தம்மையும் குடும்பத்தாரையும்கூடப் பணயம் வைத்தோர் இருந்தனர். சூதாடிக்கு வேண்டியது சினம் குறையாத மீன். ஒவ்வோர் ஆணையும் தனிச் சாடியில் அடைத்துச் சண்டைநாள் வரை பிரித்து வைப்பதன் பொருள் அதுவே. குப்பி மீனின் இயல்பிலிருந்து பிறந்ததன்று; பந்தயத்தின் தேவையிலிருந்து பிறந்தது.

கேண்டர் இம்மீனை ‘போரிடுவது’ என்னும் பொருள்படும் ‘பக்னாக்ஸ்’ என்ற பெயரின்கீழ் வைத்தார். அப்பெயர் உண்மையில் பினாங்கு ஓடைகளில் வாழும் வேறோர் இனத்துக்கு உரியது எனக் கண்ட சார்லஸ் டேட் ரீகன், 1910-இல் ‘ஒளிமிக்கது’ எனப் பொருள்படும் ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்ற பெயரைச் சூட்டினார். அறிவியல் சண்டையை விட்டு அழகைப் பெயராக்கியது. கடைத்தெரு ‘ஃபைட்டர்’ என்பதை விடவில்லை. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, மனிதர் இம்மீனைப் பழக்கி வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது என மதிப்பிடுகிறது. அத்தனை தலைமுறைகளாகச் சினத்துக்கெனத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘இது இயல்பிலேயே சண்டைக்காரன்’ என்று கூறுவது சற்றே விந்தைதான்.

காட்டுப் பெட்டா வாழ்வது தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும். அங்கே நீரின் ஆழம் குறைவு, பரப்போ மிகப் பெரிது. தோற்ற ஆண் விலகிச்செல்ல இடமுண்டு. லாபிரிந்த் உறுப்பு தீர்ப்பது உயிர்வளிக் குறையை மட்டுமே. செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் சேரும் அம்மோனியாவை அது தொடுவதில்லை. குப்பி மீனுக்கு மூச்சு மேலிருந்து கிடைக்கிறது. நஞ்சு நீரிலேயே தங்கிவிடுகிறது. எனவேதான் அது உடனே சாவதில்லை, வால் சிதைந்து நாள்பட நலிகிறது. ஏறத்தாழ 15 முதல் 20 லிட்டர் நீர், மென்மையாக ஓடும் வடிகட்டி, இலையகன்ற செடிகள், வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுதல் ஆகியன போதும். 24 முதல் 28 பாகை வெப்பம் அதற்கு உகந்தது. திருவனந்தபுரத்தில் வெப்பமூட்டி பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் கடைவாசல் வெயிலில் சிறு குப்பி வெகுவிரைவில் சூடேறிவிடும். தொட்டியை மூடினாலும் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுவெளி விடவேண்டும். டே காட்டிய உண்மை இன்றும் அதுவே.

2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட மீன்தொட்டிக் கடை விதிகள், கிண்ணத்தில் மீனை அடைத்து வைப்பதையும் தடைசெய்தன. 158 இனங்களின் விற்பனைத் தடையும் அதனுடன் சேர்ந்திருந்ததால் வணிகர் எதிர்ப்பு வலுத்தது. சில மாதங்களில் விதிகள் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டன. இனப்பட்டியல் மீதான வழக்காட்டில், கிண்ணம் பற்றிய நியாயமான கூறு தனியே விவாதிக்கப்படாமலே போயிற்று.

அரியாங்குப்பம் மீனின் உடன்பிறப்பு ஒன்று கேரளத்தின் ஓடைகளில் உண்டு. 1908-இல் ஜெர்மானிய மீன்வளர்ப்பு இதழொன்றில், குமிழிக்கூடு பற்றிய ஆய்வுக் கட்டுரையில் கோலர் என்பவர் அதனை விவரித்து, டேயின் நினைவாகப் பெயரிட்டார். சண்டைக் களத்தை அறியாத இம்மீன் கூடு கட்டும் வகையாலேயே ஏட்டில் ஏறியது. ஆண் வாயிலிருந்து வரும் குமிழிகளை இலையடியில் ஒட்டி, விழும் முட்டைகளைக் கவ்விச் சேர்க்கும். பெட்டா ஆணும் இதையே செய்யும். ஆனால் முட்டையிட்டதும் பெட்டாப் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும். இங்கோ பெண்ணும் கூட்டருகே நின்று காவலுக்குத் துணைபுரிவதுண்டு.