நீரிணையைக் கடந்த புகழ்: தலைமன்னார் வழியும் இரசிகர் ஏடுகளும்

1914ஆம் ஆண்டிலே தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. அதன் பின்னர் சென்னை எழும்பூரிற் புகையிரதமேறிய பிரயாணி ஒருவர் பாம்பன் பாலத்தைத் தாண்டி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கப்பலிற் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் மீண்டும் புகையிரதமேறிக் கொழும்புக் கோட்டையை அடைதல் எளிதாயிற்று. இவ்வழியாற் சென்ற தோட்டத் தொழிலாளர் பற்றியும் வணிகர் பற்றியும் வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். அதே வழியாற் சென்ற பிறிதொரு பண்டம் அவர்தம் கருத்தை அத்துணை ஈர்த்திலது. நடிகரின் புகழே அப்பண்டம்.

நடிகரைப் போற்றும் வழக்கத்தை மன்னார் மக்கள் சினிமாவிடமிருந்து கற்றுக்கொண்டனர் என்று கொள்ளுதல் தவறு. மாதோட்டத்திலும் தீவிலும் கத்தோலிக்கக் கூத்துகள் நெடுங்காலமாக ஆடப்பட்டு வந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அவற்றுட் சிலவற்றைப் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்றான ஞானசௌந்தரியின் கதை 1948இல் தமிழ்ப் படமாகவும் வெளிவந்தது. ஆனால், கூத்தில் அரசனாக ஆடியவன் மறுநாட் காலையில் வலையோடு கடலுக்குச் செல்வான். ஊரார் அவனை நாடோறும் காண்பர். அவனைப் பற்றி ஏடு எழுத வேண்டிய தேவை எழவில்லை. முகத்தை நேரிற் காணவியலாத தொலைவு ஏற்பட்டவிடத்தேதான் ஏடு வேண்டப்பட்டது.

அத்தொலைவினை முதலில் நிரப்பியவை பொதுவான சினிமாச் சஞ்சிகைகளாம். 1942இல் தோன்றிய 'பேசும் படம்', பி. ஆர். எஸ். கோபாலின் 'குண்டூசி', தென்னிந்திய நடிகர் சங்கத்தின் 'நடிகன் குரல்' ஆகியவற்றை இவ்வரிசையிற் கூறலாம். ஒரே நடிகரைச் சுற்றி எழுந்த இரசிகர் ஏடு இவற்றினின்றும் வேறானது. சஞ்சிகை வாசகனை நோக்கிப் பேசிற்று. இரசிகர் ஏடோ உறுப்பினனை நோக்கிப் பேசிற்று. படம் எத்தனை நாள் ஓடியது, எந்த ஊரில் மன்றம் திறக்கப்பட்டது, ஏழைகளுக்கு யார் உணவளித்தனர் என்பனவே அதன் உள்ளடக்கம். இலக்கியச் சுவை தேடுவோர் அதிற் சலிப்படைவர் என்பதில் ஐயமில்லை. எனினும் ஊர்ப்பெயரும் மன்றப்பெயரும் நிரம்பிய அப்பட்டியல்கள், யார் யார் ஒருவர்க்கொருவர் அறிமுகமின்றியே ஒரு கூட்டமாயினர் என்பதைக் காட்டும் சான்றுகளாம்.

இவற்றுட் குறிப்பிடத்தக்கது 'சிவாஜி ரசிகன்'. இதனை நடத்திய சின்ன அண்ணாமலை சுதந்திரப் போராட்ட வீரர்; 'தமிழ்ப் பண்ணை' என்னும் பதிப்பகத்தால் அறியப்பட்டவர். நூற்பதிப்பிற் கைதேர்ந்த ஒருவர் நடிகருக்காக ஏடு நடத்த முன்வந்தமை, அத்தொழிலை அற்பமென ஒதுக்குவோர் சிந்திக்கத்தக்கது. மறுபுறத்தில் எம். ஜி. இராமச்சந்திரனின் மன்றங்கள் அரசியற் படையாகவே வளர்ந்தன. 1917இல் இலங்கையின் மலைநாட்டிற் பிறந்து, தந்தையை இழந்து, குழந்தைப் பருவத்திலேயே தமிழகஞ் சென்ற அவர், 1965இல் சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தபோது புகழின் உச்சியில் இருந்தார். 1972இல் அவர் புதுக்கட்சி தொடங்கியபோது அதன் கிளைகளுக்கு அடித்தளமாயிருந்தவை பெரும்பாலும் இம்மன்றங்களே. 1977இல் அவர் முதலமைச்சரானார்.

புகழ் ஒருவழியாகவே பாய்ந்தது என்று எண்ணுதலும் பொருந்தாது. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கிற்று. 1952 முதல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களைச் சுருக்கியபோது, தமிழக நேயர்கள் இலங்கையை நாடினர். எஸ். பி. மயில்வாகனன் என்னும் அறிவிப்பாளர் தம் குரலாலேயே கடல் கடந்து நேயர்களைப் பெற்றார். அச்சு தெற்கு நோக்கி வந்தது. குரல் வடக்கு நோக்கிச் சென்றது. தமிழக நடிகரின் பாடலைத் தமிழகத்தாருக்கே கேட்பித்த பெருமை இலங்கைக்கு உரியது. இதனை இரு கரையாரும் இன்று மறந்துவிட்டனர் போலும்.

கடல்வழியோ நிலைத்திலது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிற்று. 1970இல் அமைந்த இலங்கை அரசாங்கம் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்தாளர் பலர் இதனை வரவேற்றனர்; உள்நாட்டு ஏடுகள் தழைக்க அது துணைசெய்தது என்பதும் உண்மையே. நடிகரின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்த இளைஞன் அதனை எவ்வாறு எண்ணியிருப்பான் என்பதை எவரும் வினவவில்லை. பின்னர் யுத்தம் மூண்டது. 1984இல் கப்பலும் நின்றது. ஏடுகள் வந்த அதே கடலை அகதிகள் தோணிகளில் எதிர்த்திசையிற் கடந்தனர்.

அக்காலத்திலேயே தொலைக்காட்சியும் வந்துவிட்டது. 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாகினியும், 1993இல் தமிழகத்தில் சன் தொலைக்காட்சியும் தோன்றின. இலங்கை வானொலியில் வளர்ந்த பி. எச். அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைச் சன் தொலைக்காட்சியில் நடத்தியபோது, குரலாக மட்டுமே அறியப்பட்டிருந்தவரைத் தமிழக இல்லங்கள் முகமாகவும் கண்டன. பிற்காலத்திற் சிவகார்த்திகேயன் விஜய் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து 2012இல் 'மெரினா' படத்தின்வழித் திரைக்குச் சென்றார். வாரந்தோறும் வீட்டினுள்ளே வரும் முகத்தைப் பற்றித் தபால்மூலம் அறிய வேண்டியதில்லை. கூத்தாடிய அரசனைப் போன்று நடிகர் மீண்டும் அண்டை வீட்டாராயினார். அச்சிட்ட இரசிகர் ஏடு தன் வேலையை இழந்தது.

அவ்வேடுகளுக்கு நூலகங்களில் இடங் கிடைத்தல் அரிதாகவே இருந்தது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அருநூல்களே அவ்வாறு போயினவென்றால், வாசித்தபின் கடையிற் பொதிசுற்றப் பயன்பட்ட தாள்களின் கதியைக் கூறவேண்டுவதில்லை. தமிழகத்தில் இத்தகைய சினிமாத் தாள்களையும் துண்டுப் பிரசுரங்களையும் நூல்களோடு ஒப்ப மதித்துச் சேர்த்தவர் பேராசிரியர் ஒருவரல்லர். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்னும் பெயர்ப்பலகை ஓவியரே ஆவார். அவர் 1992இல் மறைந்தபின் அச்சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகையிரதம் 2015இல் மீண்டும் வந்தது. மன்னார்க் கரையோர வீடுகளின் பழம்பெட்டிகளை இனித்தான் திறந்து பார்த்தல் வேண்டும்.