பாண்டுப் உப்பு போன வழி

மும்பையின் பாண்டுப் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே போய் விரைவு நெடுஞ்சாலையைத் தாண்டினால் கட்டடங்கள் விலகிச் சதுப்பும் உப்பளமும் தொடங்கும். தானே கழிமுகத்துக் கடல்நீர் உப்பாக மாறிய இடம் இது. கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவித்தவர்கள் மராத்தி பேசும் ஆக்ரி மக்கள்.

உப்பின் பயணத்துக்கு நாள் குறிப்பது நிலவு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம் உயரும்போது மதகு வழியே நீரை உள்ளே விடுவார்கள். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. அந்த நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே உப்பு பூக்கத் தொடங்கும். உப்பை வாரிக் கரையில் குவித்ததும், மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். ஜூனில் மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும். மழை ஓய்ந்ததும் வரப்பைக் கட்டித் தரையை மட்டம் செய்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், குவிந்த உப்பு அளத்தை விட்டு வெளியேற அரசின் அனுமதி வேண்டியிருந்தது. உரிமம் இல்லாமல் உப்புக் காய்ச்சுவதை 1882ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1930இல் மாட்டுங்காவை அடுத்த வடாலா உப்புக் கிடங்கில் சத்தியாகிரகிகள் திரள்திரளாகப் புகுந்து, தடியடிக்கு நடுவே உப்பை அள்ளினார்கள். உப்பு வரி ஒழிந்தது 1947இல்தான்.

சமையலறைக்கு வெளியேயும் உப்புக்கு வேலை இருந்தது. கோலிவாடாக்கள் எனும் மீனவக் குடியிருப்புகளில் மீன் கருவாடானது உப்பால். பச்சைத் தோல் அழுகாமல் தாங்குவதும் உப்பால்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் தாராவிக் குடிசைப் பகுதியில் முதலில் கால் ஊன்றியது அந்தத் தோல் பதனிடும் தொழிலில்.

பிறகு காலம் மாறியது. நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்திலிருந்து வரத் தொடங்கியபின், மும்பையின் கரடுமுரடான உப்புக்கு மவுசு குறைந்தது. விளைந்த உப்பைவிட விளைந்த மண்ணுக்கு விலை ஏறியது. 2024இல் தாராவி மறுசீரமைப்புக்காகக் காஞ்சூர், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. ஆர்தர் உப்பளம் 120.5 ஏக்கர், ஜென்கின்ஸ் உப்பளம் 76.9 ஏக்கர், ஜாமாஸ்ப் உப்பளம் 58.5 ஏக்கர். தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறத் தகுதியில்லை என்று கணக்கிடப்படுகிறவர்களுக்கு இங்கே வீடு கட்டுவது திட்டம்.

ஆக, உப்பு கிளம்பிப் போன வழியில் இனி மனிதர்கள் வந்து சேர்வார்கள். அவர்களில் தமிழர்களும் இருப்பார்கள். குடிசைக்குப் பதில் உறுதியான கூரை கிடைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நிலம் உப்பை மட்டும் தந்துகொண்டிருக்கவில்லை. ஓதத்தையும் மழையையும் உள்வாங்கி, மெல்ல வெளியேற்றியும் வந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையும் கடல் பெருக்கும் ஒருசேர வந்தால் தண்ணீருக்குத் தாழ்ந்த இடம் வேண்டும். பக்கத்துத் தானே கழிமுகம் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் அந்தப் பெருமை உப்பளத்து வரப்புக்கு வெளியேதான் நின்றுவிட்டது.

மாகிம் கழியோரச் சதுப்பைத் தூர்த்து எழுந்ததுதான் தாராவியும். மழைக்காலத்தில் வாசல் ஏறி வரும் தண்ணீரை அங்குள்ளவர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாண்டுப்பில் சாவியைக் கையில் வாங்கும் முன், "தண்ணிக்கு எங்க இடம் விட்டிருக்கீங்க?" என்று அவர்கள் கேட்க வேண்டும். அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்வது அரசின் கடமை.