கலிபோர்னியாவில் அக்குபங்சர் உரிமமுறை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அக்குபங்சர் எனும் ஊசி சிகிச்சை செய்ய அரசு உரிமம் கட்டாயம். உரிமம் வழங்குவது, பயிற்சிக்கான பாட நேரத்தை வகுப்பது, தேர்வு நடத்துவது, புகார் வந்தால் விசாரித்து நடவடிக்கை எடுப்பது ஆகியவை தலைநகர் சாக்ரமென்டோவில் உள்ள கலிபோர்னியா அக்குபங்சர் வாரியத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் தருவது மாநிலங்களின் அதிகாரம். ஆகவே கலிபோர்னிய உரிமம் பக்கத்து மாநிலமான நெவாடாவில் செல்லாது. அங்குள்ள உரிமம் இங்கே செல்லாது.

ஏற்கெனவே வெளிப்படையாக நடந்துவந்த ஒரு தொழிலைக் கட்டுக்குள் கொண்டுவர எழுந்த சட்டம் அன்று இது. தடையை நீக்கச் சொல்லிச் சிகிச்சை செய்தவர்களும் அவர்களிடம் குணம் கண்ட நோயாளிகளும் போராடிப் பெற்றது. உரிமமுறையின் பலமும் அதன் பிற்காலச் சிக்கல்களும் இந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன.

முன்வரலாறு

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததை அடுத்துத் தென்சீனத்தின் குவாங்டுங் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அவர்களோடு மூலிகை வைத்தியர்களும் வந்து சேர்ந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் தொழில் நடத்திய லீ போ தாய் இவர்களில் பெயர் பெற்றவர். ரயில்பாதை முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு போன்ற வெள்ளைச் செல்வந்தர்களும் அவரிடம் நாடி காட்டிச் சென்றதாகச் சொல்லப்படுகிறது.

1876இல் மாநிலத்தின் முதல் மருத்துவத் தொழில் சட்டம் வந்தது. மருத்துவக் கல்லூரிப் பட்டம் இல்லாதவர் வைத்தியம் பார்ப்பது குற்றமானது. சீன வைத்தியர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். நாடி பார்ப்பதற்குக் காசு வாங்காமல், கட்டித் தரும் மூலிகைக்கு மட்டும் விலை வாங்கினர். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் மருந்துச் சரக்கு விற்கும் வியாபாரிகள். லாஸ் ஏஞ்சலிஸில் இயங்கிய 'ஃபூ அண்ட் விங்' நிறுவனம் தன்னை மூலிகைக் கம்பெனி என்றே அழைத்துக்கொண்டது. இருந்தும் உரிமமின்றி மருத்துவம் செய்ததாக வழக்குகள் தொடர்ந்தன. அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் கடை திறப்பது வழக்கமாக இருந்தது.

ஊசி சிகிச்சை இந்தக் காலத்தில் பெரும்பாலும் சீனக் குடியிருப்புகளுக்குள் அடங்கியிருந்தது. மூலிகையை விற்பனை என்று சொல்லித் தப்பலாம்; உடலில் ஊசி குத்துவதை அப்படிச் சொல்ல வழியில்லை. 1882இல் வந்த சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் 1943 வரை நீடித்ததால் புதிய வைத்தியர்கள் வருவதும் அருகியது. கொரியப் போரின்போது, 1950 டிசம்பரில், சீனாவுடனான வணிகத்தை அமெரிக்கா தடை செய்ய, மூலிகை வரத்தும் நின்றது. பழைய வைத்தியர்களின் கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

ரெஸ்டனின் கட்டுரை

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் சென்றிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு வயிற்றில் உண்டான உப்புசத்துக்கும் வலிக்கும் மருத்துவமனையின் அக்குபங்சர் மருத்துவர் அவருடைய வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மெல்லிய ஊசிகளைச் செலுத்தினார். மூலிகைத் திரியைக் கொளுத்தி வயிற்றருகே வெப்பம் காட்டினார். சிறிது நேரத்தில் உப்புசம் தணிந்தது என்று ரெஸ்டன் ஜூலை 26ஆம் தேதி இதழில் எழுதினார். மயக்க மருந்தே இல்லாமல் ஊசியால் அவருக்கு அறுவை நடந்ததாகப் பல நூல்கள் இன்றும் எழுதுகின்றன. அது தவறு. அறுவைக்கு வழக்கமான, மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்தே தரப்பட்டது.

1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் சீனா சென்று வந்தபின் அமெரிக்கர்களின் ஆர்வம் பெருகியது. அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் திறந்த அக்குபங்சர் மையத்தை ஒரு வாரத்துக்குள் அதிகாரிகள் மூடினர். கூட்டம் குறையவில்லை. 1973இல் மத்திய உணவு, மருந்து நிர்வாகம் அக்குபங்சர் ஊசியைச் சோதனைநிலைக் கருவி என்று வகைப்படுத்தியது. 1996இல்தான் அந்த முத்திரை நீங்கி, தகுதி பெற்றவர் கையாளும் சாதாரண மருத்துவக் கருவிகளுள் ஒன்றாக ஊசி ஏற்கப்பட்டது.

நெவாடா முந்தியது

அக்குபங்சருக்குத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நெவாடா. ஹாங்காங்கிலிருந்து அழைத்து வரப்பட்ட லோக் யீ குங் என்ற மருத்துவர், 1973 வசந்தத்தில் தலைநகர் கார்சன் சிட்டியில் சட்டமன்றத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் அறை எடுத்துச் செயல்விளக்கம் அளித்தார். முதுகுவலி, மூட்டுவலி, சைனஸ் தொல்லை என்று சட்டமன்ற உறுப்பினர்களே வரிசையில் வந்து படுத்தனர். மருத்துவர் சங்கம் எதிர்த்தும் மசோதா பெருவாரியான ஆதரவுடன் நிறைவேறியது. ஏப்ரலில் ஆளுநர் மைக் ஓ'கல்லகன் கையெழுத்திட்டார். மருத்துவ வாரியத்தின் கீழ் வராத தனி வாரியம் ஒன்றும் அமைந்தது. தாங்களே உணர்ந்த பயனை வைத்து உறுப்பினர்கள் வாக்களித்த அபூர்வ நிகழ்வு இது.

கலிபோர்னியாவில் போராட்டம்

கலிபோர்னியா எச்சரிக்கையாக நகர்ந்தது. 1972இல் வந்த சட்டம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளில், மருத்துவர் மேற்பார்வையில், ஆராய்ச்சிக்காக மட்டும் ஊசி சிகிச்சையை அனுமதித்தது. கல்லூரிக்கு வெளியே செய்தால் குற்றம். சீனக் குடியிருப்புகளில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்துவந்த முதியவர்களில் யாருக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

மிரியம் லீயின் வழக்கு இந்த நிலைமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சீனாவில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்று, சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1960களில் கலிபோர்னியா வந்தவர் அவர். பிழைப்புக்காக மின்னணுத் தொழிற்சாலையில் உதிரிப்பாகம் பொருத்தும் வேலை பார்த்தார். பின்னர் பாலோ ஆல்டோவில் ஒரு மருத்துவரின் சிகிச்சை அறையில் நோயாளிகளுக்கு ஊசி வைக்கத் தொடங்கினார். 1974இல் உரிமமின்றி மருத்துவம் செய்ததாகக் கைது செய்யப்பட்டார். விசாரணை நாளில் அவருடைய நோயாளிகள் நீதிமன்றத்தை நிறைத்து, தங்களுக்குப் பயன் தந்த சிகிச்சையைப் பெறத் தங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடினர். ஆளுநர் ரொனால்ட் ரேகனின் அரசு, அக்குபங்சரைச் 'சோதனை முறை' என்று அறிவித்துச் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் லீ சிகிச்சையைத் தொடர வழி செய்தது. ஆனால் தொழிலைச் சட்டபூர்வமாக்கச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாவுக்கு ரேகன் ஒப்புதல் தரவில்லை.

1975இல் ஜெரி பிரவுன் ஆளுநரானதும் நிலைமை மாறியது. செனட் உறுப்பினர்கள் ஜார்ஜ் மாஸ்கோனி, ஆல்பிரட் சாங் ஆகியோர் கொண்டுவந்த செனட் மசோதா 86இல் அவர் அந்த ஆண்டு ஜூலையில் கையெழுத்திட்டார். 1976இல் கலிபோர்னியா அக்குபங்சருக்கு உரிமம் தரும் எட்டாவது மாநிலமாயிற்று.

சட்டத்தின் வளர்ச்சி

1975ஆம் ஆண்டுச் சட்டம் கதவைப் பாதிதான் திறந்தது. நோயாளியை முதலில் மருத்துவரோ பல் மருத்துவரோ முதுகெலும்பைச் சீர்செய்யும் கைரோபிராக்டரோ பார்த்து, நோயைக் கணித்து அனுப்பினால்தான் ஊசி வைக்கலாம். மேற்பார்வையும் மருத்துவ வாரியத்தின் கீழிருந்த ஆலோசனைக் குழுவிடம் இருந்தது. 1978இல் இந்தப் பரிந்துரை நிபந்தனை நீக்கப்பட்டது. நோயாளி நேரே வரலாம் என்றானதால் அக்குபங்சர் முதல்நிலை மருத்துவத் தொழில் என்ற தகுதியைப் பெற்றது. எதிர்த்தவர்கள் இருந்தனர், எனினும் நாடியும் நாவும் பார்த்து நோயைக் கணிப்பது சீன மருத்துவத்தின் அடிப்படை என்பதால் இதுவே முறையான ஏற்பாடு.

1980இல் ஆலோசனைக் குழு போய்த் தேர்வுக் குழு வந்தது. மின்தூண்டல், கப்பிங் (தோலில் குவளை வைத்து உறிஞ்சுதல்), மூலிகைத் திரி வெப்பம் ஆகியவை தொழிலின் எல்லைக்குள் சேர்ந்தன. 1982 முதல் குழு தன்னாட்சி பெற்றது. 1988இல் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காயம்பட்ட தொழிலாளருக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமை கிடைத்தது. 1999 ஜனவரியில் குழு 'அக்குபங்சர் வாரியம்' என்ற பெயரையும் மருத்துவ வாரியத்திலிருந்து முழு விடுதலையையும் பெற்றது.

இன்றைய சட்டப்படி உரிமம் பெற்றவர் ஊசி, அழுத்தம், மசாஜ், மூச்சுப் பயிற்சி, வெப்பம், குளிர்ச்சி, உணவு முறை, தாவர, விலங்கு, தாதுப் பொருள்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள போதை மருந்துகளைத் தரக் கூடாது. உரிமமின்றித் தொழில் செய்தால் 2,500 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். எம்.டி. பட்டம் பெற்ற மருத்துவர்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை.

பயிற்சியும் தேர்வும்

2005 ஜனவரி 1 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு 3,000 மணி நேரப் படிப்பு கட்டாயம். 2,050 மணி நேரம் வகுப்பறை, 950 மணி நேரம் நோயாளிகளோடு. வகுப்பறை நேரத்தில் அக்குபங்சர், சீன மருத்துவக் கோட்பாடுகளுக்கு 1,255 மணி நேரம். அதற்குள் மூலிகைக்கு மட்டும் 450 மணி நேரம். உடற்கூறு, உடலியங்கியல் முதலிய அடிப்படை அறிவியலுக்கு 350 மணி நேரம். இதற்கு முன் மொத்தமே 2,348 மணி நேரம்தான். கல்லூரிக்குப் போகாமல், உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாரியத்தின் ஒப்புதலோடு நேரடியாகத் தொழில் பழகித் தேர்வு எழுதும் வழியும் உண்டு. மரபு மருத்துவம் தலைமுறைகளாகக் கைமாறிய முறைக்குச் சட்டம் இடம் விட்டிருப்பது போற்றத்தக்கது.

மாநிலத் தேர்வை ஆங்கிலம், சீனம், கொரியம் ஆகிய 3 மொழிகளில் எழுதலாம். மற்ற பல மாநிலங்கள் 1982இல் தோன்றிய தேசியச் சான்றளிப்பு ஆணையத்தின் தேர்வை ஏற்றபோதும் கலிபோர்னியா தன் சொந்தத் தேர்வை நீண்டகாலம் விடவில்லை. உரிமம் பெற்றவர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 50 மணி நேரத் தொடர்கல்வியை முடித்துப் புதுப்பிக்க வேண்டும்.

சிகிச்சை அறை விதிகள்

வாரியத்தின் விதிகள் நுணுக்கமானவை. நோயாளியைத் தொடும் முன்பும் ஊசியைக் கையாளும் முன்பும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊசி இறங்கும் இடத்தைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஒருமுறை குத்திய ஊசியை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. உடையாத, மூடி முத்திரையிட்ட கலத்தில் போட்டு அபாயக் கழிவாக அகற்ற வேண்டும். மருந்து ஏற்றும் சிரிஞ்சு ஊசியால் அக்குபங்சர் செய்யக் கூடாது. தோலுக்கடியில் ஊசி முறிந்தால் உடனே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். சதையைக் கீறி எடுக்க அக்குபங்சர் மருத்துவர் முயலக் கூடாது. ரத்தக்கட்டு, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுதல் போன்ற கோளாறு ஏற்பட்டாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையான அனைத்தும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் இவ்விதிகள் பிற நாடுகள் பின்பற்றத் தக்கவை.

தேர்வு ஊழலும் 2004 அறிக்கையும்

1980களில் தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வினாக்களை விற்றது அந்தப் பத்தாண்டின் இறுதியில் அம்பலமானது. வினாத்தாள் தயாரிப்பு வெளி நிபுணர்களின் கைக்கு மாறியது. ஊசி குத்திக் காட்டும் செய்முறைத் தேர்வு பின்னாளில் கைவிடப்பட்டது. நேர்மையாகத் தேறியவர்கள் மீதும் பல காலம் சந்தேகம் படிந்ததே இதன் பெரிய கொடுமை.

மாநில அரசின் செயல்பாட்டை ஆராயும் லிட்டில் ஹூவர் ஆணையம் 2004 செப்டம்பரில் அளித்த அறிக்கை, வாரியம் தொழிலை ஒழுங்குபடுத்துவதைவிட அதை வளர்ப்பதிலேயே நாட்டம் காட்டியதாகக் கண்டது. தொழில் எல்லையை விரிக்க வேண்டாம், 3,000 மணி நேரமே போதும், கல்லூரிகளைத் தேசிய அங்கீகார அமைப்பிடம் விடலாம் என்பது அதன் நிலைப்பாடு. அதன்பின் வாரியம் 7 பேர் கொண்டதாகத் திருத்தி அமைக்கப்பட்டது. அவர்களில் 4 பேர் பொதுமக்கள், 3 பேர் மட்டுமே அக்குபங்சர் மருத்துவர்கள். நியமனங்களில் 5 ஆளுநருடையவை. சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் தலா ஒன்று.

தற்போதைய நிலை

மாநிலத்தில் உரிமம் பெற்றவர்கள் 10,000 பேருக்கு மேல். ஏழைகளுக்கான மெடி-கால் திட்டத்தில் 2009இல் நிறுத்தப்பட்ட அக்குபங்சர் 2016 ஜூலையில் மீண்டும் சேர்ந்தது. இயன்முறை மருத்துவர்கள் தசையில் ஊசி குத்தும் 'டிரை நீட்லிங்' முறையை வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது; கலிபோர்னியா அனுமதிக்கவில்லை. முதியோருக்கான மெடிகேர் திட்டம் 2020 ஜனவரி முதல் நாட்பட்ட இடுப்புவலிக்கு 90 நாளில் 12 அமர்வுகளுக்கும், பலன் தெரிந்தால் மேலும் 8 அமர்வுகளுக்கும் பணம் தருகிறது. ஆனால் அக்குபங்சர் மருத்துவர் நேரடியாகக் கட்டணப் பட்டியல் அனுப்ப முடியாது. மேற்பார்வை செய்யும் மருத்துவர் வழியாகவே அனுப்ப வேண்டும்.